‘வேண்டாம்’ பொத்தான் எங்கே?

2021 மார்ச். புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நேரம். வாக்காளர்களின் கைபேசிகளுக்கு பாரதிய ஜனதா கட்சியின் பெயரில் எஸ்எம்எஸ் வரத் தொடங்கியது. அதில் ஒரு லிங்க். தொட்டால், அவரவர் வாக்குச்சாவடிக்கென்று தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் சேரலாம். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் இதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே செய்தி வந்திருக்கிறது என்பது அவருடைய புகார். எண்களை எங்கள் தொண்டர்கள்தான் நேரில் திரட்டினார்கள் என்றது கட்சி. தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு புகாரை எளிதில் தள்ளிவிடவில்லை. குடிமக்களின் அந்தரங்க விவரம் எப்படி வெளியே போனது என்று ஆதார் ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றது. ஏப்ரல் 6-ம் தேதி வில்லியனூர், பாகூர் உட்பட 30 தொகுதிகளிலும் வாக்குப்பதிவு முடிந்தது.

வழக்கின் அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். ‘என் நம்பர் இவங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?’ என்ற கேள்விக்கு அன்று ஒரு கட்சியும் ஓர் ஆணையமும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேள்வி எழுந்ததற்குக் காரணம், எஸ்எம்எஸ் கண்ணில் பட்டது. நாம் தினமும் திறக்கும் வெப்சைட்கள் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன. எந்தப் பக்கத்தைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், எங்கிருந்து வந்தோம் என்பதையெல்லாம் எடுத்து மூன்றாம் ஆளுக்கு அனுப்புகின்றன. எடுக்கும்போது நமக்குத் தெரிவதில்லை. தெரியாததால் நாம் கேட்பதும் இல்லை.

இனி கேட்கலாம். கேட்க வழிசெய்யும் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 2027 மே மாதத்திலிருந்து அதன் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வருகின்றன. வில்லியனூரில் சுடுமண் பொம்மை விற்பவரானாலும் பாகூர்ப் பக்கம் தங்கும் விடுதி நடத்துபவரானாலும், சொந்தமாக வெப்சைட் வைத்திருந்தால் இது அவருக்கும் உரிய விஷயம்.

ஒரு பக்கத்தைத் திறந்ததும் என்ன நடக்கிறது?

வில்லியனூர் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். இந்தப் பக்கத்துக் குதிரையையும் விளக்கையும் தேடி வெளிநாட்டிலிருந்து ஆள் வருவதில் வியப்பில்லை. பாரிஸில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பத்துப் பெண் ஒருவர், கார்த்திகைக்கு விளக்கு வாங்க ஒரு வில்லியனூர்க் கடையின் தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவருடைய பிரவுசர் முதலில் எழுத்தையும் படத்தையும் கொண்டுவருகிறது. கூடவே கண்ணுக்குத் தெரியாத சில வரி நிரல்களும் வருகின்றன. தொழிலில் இருப்பவர்கள் அவற்றை டேக் என்பார்கள். கூகுள் அனலிட்டிக்ஸ் ஒரு டேக், ஃபேஸ்புக் விளம்பரத்துக்கான மெட்டா பிக்ஸல் இன்னொன்று. பக்கம் திறந்த நொடியே டேக் ஓடுகிறது. ‘ஃபயர் ஆகிறது’ என்பதுதான் அவர்கள் பேச்சு. ஓடியதும் அந்தப் பெண்ணின் பிரவுசரில் ஒரு குக்கியை எழுதி வைக்கிறது. குக்கி என்பது ஒரு சிறு எழுத்துத் துண்டு, பெரும்பாலும் நீளமான ஓர் எண். அனலிட்டிக்ஸ் எழுதுவதற்கு இரண்டு ஆண்டு ஆயுள் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் குரோம் பிரவுசர் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைப்பதில்லை. நிரல் வழியாக எழுதும் குக்கிகளை சஃபாரி ஏழே நாளில் துடைத்துவிடுகிறது. மெட்டா பிக்ஸலின் குக்கிக்கு 90 நாள். எண் எழுதியானதும், பார்த்த பக்கம், வந்த வழி, திரையின் அளவு, மொழி, நேரம் எல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்து அந்தந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடுகின்றன.

‘பெயர் போகவில்லையே, வெறும் நம்பர்தானே’ என்று வெப்சைட் செய்து தரும் தம்பிகள் பலர் சொல்வார்கள். அந்தப் பெண் அதே பிரவுசரில் ஃபேஸ்புக்கில் நுழைந்திருந்தால், அந்த எண் யாருடையது என்று மெட்டா கண்டுகொள்வதற்கு வழி இருக்கிறது. ஒரு கடையின் தளத்திலிருந்து மட்டும் போனால் ஆபத்து சிறிது. ஆனால் ஒரே நிறுவனத்தின் டேக் லட்சக்கணக்கான தளங்களில் இருக்கிறது. காலையில் மருத்துவமனை, மதியம் கடன் தரும் நிறுவனம், இரவில் பள்ளிச் சேர்க்கை என்று ஒருவரின் ஒரு நாள் முழுவதும் ஒரே இடத்தில் தொகுக்கப்படுவதற்கு இதுதான் வழி.

குக்கியைப் பிறப்பித்தவருக்கு அந்த நோக்கம் இல்லை. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி என்ற பொறியாளர், கடைக்கூடையில் போட்ட பொருளை வெப்சைட் அடுத்த பக்கத்திலும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக இதை அமைத்தார். விளம்பர நிறுவனங்கள் பிற்பாடு வந்து பிடித்துக்கொண்டன. நாம் பார்க்கும் தளத்தைத் தவிர வேறு நிறுவனங்கள் எழுதும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை நிறுத்திவிடுவோம் என்று 2020-ல் அறிவித்த கூகுள், 2024-ல் அந்தத் திட்டத்திலிருந்து பின்வாங்கியது. பிரவுசர் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்தவர்களுக்கு அதோடு அந்த நம்பிக்கையும் போயிற்று.

பிரான்ஸ் கற்ற பாடம்

புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களின் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1974 மார்ச்சில் லெ மோந்த் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. குடிமக்களைப் பற்றிப் பல துறைகளில் கிடந்த கோப்புகளை எல்லாம் ஒரே அடையாள எண்ணால் கோக்க அரசு திட்டமிடுகிறது, திட்டத்தின் பெயர் ‘சஃபாரி’ என்றது அந்தச் செய்தி. நாடு கொதித்தது. திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கொதிப்பின் விளைவாக 1978 ஜனவரியில் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைக் காக்க க்னில் என்ற தன்னாட்சி ஆணையமும் வந்தது. பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை 1954-ல் கைவிட்டது, 1962-ல் அதற்குச் சட்ட வடிவம் கிடைத்தது. ஆகவே 1978-ன் அந்தச் சட்டம் நமக்கு வந்து சேரவில்லை.

குக்கி விஷயத்தில் க்னில் விடாமல் பிடித்திருப்பது ஒரு விதியை: மறுப்பது, ஏற்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். வெப்சைட்கள் சம்மதம் கேட்டுக் காட்டும் தங்கள் குக்கிப் பேனர்களை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள அது கொடுத்த கெடு 2021 மார்ச் கடைசியில் முடிந்தது. புதுச்சேரியின் எஸ்எம்எஸ் வழக்கு சென்னையில் நடந்துகொண்டிருந்த அதே நாட்கள்! 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் என்று க்னில் அறிவித்தது. குற்றம் என்ன தெரியுமா? ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக். அவ்வளவுதான். அதற்கும் முன்பே, 2019 அக்டோபரில், முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

வில்லியனூர்க் கடைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் அமலில் இருக்கிறது. ஒன்றியத்தில் இருப்பவர்களைக் குறிவைத்துப் பொருள் விற்கும் அல்லது அவர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் எவருக்கும், அவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும், அது பொருந்தும். யூரோவில் விலை போட்டு பிரெஞ்சு மொழியில் பக்கம் வைத்திருக்கும் கடை அந்த வரம்புக்குள் வந்துவிடும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொண்டு வில்லியனூரிலேயே வாழும் பெரியவருக்கு இந்தப் பாதுகாப்பு வராது. எந்த பாஸ்போர்ட் என்பதை அந்த விதி பார்ப்பதில்லை. எங்கே இருக்கிறார் என்பதைத்தான் பார்க்கிறது. பாரிஸில் இருக்கும் மகளுக்குக் கிடைக்கும் மரியாதை வில்லியனூரில் இருக்கும் தகப்பனுக்குக் கிடைக்காமல் இருந்தது. அந்தக் குறையைத்தான் நம் சட்டம் இப்போது தீர்க்க வேண்டும்.

பேனர் போட்டாச்சு, போதுமா?

இந்தக் கட்டுரையின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான தளங்களில் பேனர் வெறும் அலங்காரம். இலவச ப்ளக்இன் ஒன்றை ஏற்றுவார்கள். கீழே ஒரு பட்டை தோன்றும்: ‘இத்தளத்தைப் பயன்படுத்துவதன் மூலம் குக்கிகளை ஏற்கிறீர்கள். சரி.’ நீங்கள் அந்த ‘சரி’யை நோக்கி விரலைக் கொண்டுபோவதற்குள் டேக்குகள் ஓடி முடித்திருக்கும். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்பது போன்றது இது.

சோதிப்பது எளிது. கம்ப்யூட்டரில் குரோமின் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து எஃப்12 பொத்தானை அழுத்துங்கள். வலப்பக்கம் விரியும் பகுதியில் ‘நெட்வொர்க்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, தளத்தின் முகவரியை அடித்து என்டர் தட்டுங்கள். பேனரில் கை வைக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் கூகுள் அனலிட்டிக்ஸ், ஃபேஸ்புக், டபுள்கிளிக் ஆகிய முகவரிகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு ‘அப்ளிகேஷன்’ பகுதியில் குக்கிகளைப் பாருங்கள். ‘ஜிஏ’ என்றோ ‘எஃப்பிபி’ என்றோ பெயர் கொண்டவை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால், அந்தப் பேனருக்கு எந்த மதிப்பும் இல்லை. அடுத்து ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு இன்னொரு பக்கம் போய்ப் பாருங்கள். மறுத்த பிறகும் ஓடும் தளங்கள் உண்டு.

சரியாக அமைப்பதில் எல்லாமே வரிசையைப் பொறுத்தது. டேக்குகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கூகுள் டேக் மேனேஜர் பயன்படுத்துபவர்களுக்கு அதில் ‘கன்சென்ட் இனிஷியலைசேஷன்’ என்றொரு தூண்டுதல் இருக்கிறது. மற்ற எல்லா டேக்கையும் முந்திக்கொண்டு ஓடுவது அது. அந்த இடத்தில் முதலில் எல்லாவற்றையும் ‘மறுக்கப்பட்டது’ என்று வைத்துவிட வேண்டும். சம்மதத்தைப் பார்த்து டேக்கை நடத்தும் கூகுளின் கன்சென்ட் மோடில் இதற்கென்று நான்கு சாவிகள்: விளம்பரக் குக்கி, கணக்கெடுப்புக் குக்கி, விளம்பரத்துக்காகப் பயனரின் தகவலை அனுப்புவது, ஆளைப் பார்த்து விளம்பரம் காட்டுவது. கடைசி இரண்டும் இரண்டாம் பதிப்பில் சேர்ந்தவை. ஐரோப்பாவில் விளம்பரம் செய்பவர்களுக்கு 2024 மார்ச் முதல் கட்டாயம். நான்கும் பூட்டியபடி பக்கம் திறக்க வேண்டும். ஆள் ‘சம்மதம்’ என்று அழுத்திய பிறகே, எதற்குச் சம்மதித்தாரோ அந்தச் சாவி மட்டும் திறக்க வேண்டும்.

கூகுளின் டேக்குகளுக்கு இந்தச் சாவிகளைப் பார்க்கத் தெரியும். மெட்டா பிக்ஸலும் மற்றவையும் அந்தப் பேச்சைத் தாமாகக் கேட்காது. டேக் மேனேஜரில் அந்த டேக்கின் அமைப்புக்குள் போய், கூடுதல் சம்மதம் வந்தால் மட்டும் ஓடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் மிகுதி. இன்னொரு பழைய நோய் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் விளம்பரம் பார்த்த ஏஜென்சி பிக்ஸலை நேரடியாகத் தளத்தின் வார்ப்புருவான தீமின் தலைப்பகுதியில் ஒட்டிவிட்டுப் போயிருக்கும். புதிதாக வந்தவர் அதையே டேக் மேனேஜரிலும் போட்டிருப்பார். பேனர் ஒன்றைத் தடுக்கும், மற்றது ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன் பழையதைத் தேடிப் பிடுங்குவதுதான் முதல் வேலை.

டேக் என்றே தெரியாமல் உள்ளே வருபவையும் இருக்கின்றன. யூடியூப் வீடியோவைப் பக்கத்தில் பதித்தால் கூகுளின் குக்கி கூடவே வரும். ‘நோகுக்கி’ முகவரியில் பதித்தால் வீடியோவைத் தொடும்வரை அந்தத் தொல்லை குறையும். கூகுள் மேப்பைப் பதிப்பதைவிட, ஒரு படத்தைப் போட்டு, தொட்டால் மேப் திறக்கும்படி செய்துவிடலாம். எழுத்துருவைக் கூகுளிடமிருந்து நேரடியாக இழுப்பதும் சிக்கல்தான். பார்வையாளரின் ஐபி முகவரி இப்படிக் கூகுளுக்குப் போனதற்காக, 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தொகை சிறிது. எழுத்துருவை நம் சர்வரிலேயே ஏற்றி வைத்தால் அந்தச் சிக்கலே எழாது. செலவும் இல்லை.

கன்சென்ட் மோடில் ‘அட்வான்ஸ்டு’ என்று ஒரு வகை இருக்கிறது. ஆள் மறுத்தாலும் குக்கி இல்லாத சிறு தகவல் ஒன்றைக் கூகுளுக்கு அது அனுப்பிக்கொண்டே இருக்கும். விட்டுப்போன கணக்கை மதிப்பிட்டு நிரப்ப அது உதவும். ‘பேசிக்’ வகையில் சம்மதம் வரும்வரை எதுவும் ஓடாது. ஏஜென்சிகள் முன்னதையே பரிந்துரைப்பார்கள். என் கருத்து வேறு. ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு தகவலாவது போகிறது என்றால், அவருடைய சொல்லுக்கு மதிப்பு இல்லை. சிறு கடைக்கு ‘பேசிக்’ போதும்.

எல்லாக் குக்கிக்கும் கேட்க வேண்டியதில்லை. கூடையில் போட்டதை நினைவில் வைப்பது, உள்நுழைவைக் காப்பது, தமிழா பிரெஞ்சா என்ற தேர்வை வைத்திருப்பது, ‘வேண்டாம்’ என்று சொன்னதையே நினைவில் வைப்பது ஆகியவற்றுக்கான குக்கிகளைக் கேட்காமல் வைக்கலாம். அவை தளம் ஒழுங்காக வேலை செய்யத் தேவையானவை. மறுத்தவரிடம் பக்கத்துக்குப் பக்கம் மறுபடி கேட்டுத் தொல்லை தராமல், அந்த விடையை ஆறு மாதம் வைத்திருங்கள் என்கிறது க்னில்.

ஆஸ்பத்திரியும் அட்மிஷனும்

விளக்கு வாங்கியது தெரிந்துபோனால் பெரிய நஷ்டமில்லை. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு என்று கிராமப்புறப் புதுச்சேரி முழுக்க மருத்துவக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் நிறைந்திருக்கின்றன. ஆனால் நோயாளியும் பிளஸ் டூ மாணவரும் எதைத் தேடினார்கள் என்பது வேறு கனம் கொண்ட தகவல்.

அமெரிக்காவில் ‘தி மார்க்கப்’ என்ற செய்தி நிறுவனம் 2022 ஜூனில் முன்னணி 100 மருத்துவமனைகளின் தளங்களைச் சோதித்தது. 33-ல் மெட்டா பிக்ஸல் இருந்தது. டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு அழுத்தியதும் அந்தத் தகவல் ஃபேஸ்புக்குக்குப் போனது. மருந்துத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம் இதே வழியில் மக்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றஞ்சாட்டி 15 லட்சம் டாலர் அபராதம் கேட்டது. கெட்ட எண்ணத்தோடு எல்லோரும் இதைச் செய்ததாக நான் நினைக்கவில்லை. மார்க்கெட்டிங் பிரிவில் யாரோ ஒருவர் பிக்ஸலை ‘எல்லாப் பக்கமும்’ என்று அமைத்திருப்பார். சிறுநீரகப் பிரிவும் மகப்பேறு பிரிவும் மனநலப் பிரிவும் அந்த ‘எல்லாப் பக்கத்தில்’ அடங்கிவிடும். மருத்துவமனையின் தளத்தில் நோய் பற்றிய பக்கங்களிலும் அப்பாயின்ட்மென்ட் படிவத்திலும் விளம்பர டேக் இருக்கவே கூடாது. அங்கே சம்மதம் கேட்பதும்கூட வேண்டாத வேலை என்பேன். உடம்பு சரியில்லாமல் வந்தவரிடம் விளம்பரத்துக்கு அனுமதி கேட்பது முறையில்லை.

மாணவர் விஷயத்தில் நம் சட்டமே கறார். 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்வதும், அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. கல்விப் பணிக்காகச் சில விலக்குகளை விதிகள் தருகின்றன. அட்மிஷன் காலத்தில் ‘லீட்’, அதாவது சேரக்கூடிய மாணவர்களைப் பிடிக்க விளம்பரத் துறையினர் செய்யும் பின்தொடர்தலை அந்தக் கல்விப் பணியின் கணக்கில் எழுத முடியாது. பிளஸ் டூ எழுதும் பிள்ளைக்குப் பெரும்பாலும் 17 வயது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24. டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தது 2023 ஆகஸ்ட் 11. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அறிவிப்பு, சம்மதம் ஆகியவற்றுக்கான பிரிவுகள் அதிலிருந்து 18 மாதத்தில் அமலாகின்றன.

சட்டத்தில் குக்கி என்ற பேச்சே கிடையாது. ஒருவரை அடையாளம் காணக்கூடிய எந்தத் தகவலும் அதன் எல்லைக்குள் வரும். சம்மதம் தன்விருப்பமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல், ஐயத்துக்கு இடமின்றி, ஒரு தெளிவான செயலால் தரப்பட வேண்டும். தளத்தில் இருப்பதே சம்மதம் என்ற பழைய கதை இதற்கு முன் நிற்காது. தந்த அதே எளிமையோடு திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். சம்மதம் வாங்கியதற்கு நிரூபணம் காட்டும் பொறுப்பு தளத்துக்காரருடையது. ஆகவே யார், எப்போது, எதற்கு இசைந்தார் என்ற பதிவை வைத்திருக்க வேண்டும். அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அந்த எண்ணைக் காட்டிச் சிறு கடைக்காரரைப் பயமுறுத்தி மென்பொருள் விற்க ஒரு கூட்டம் கிளம்பிவிடும். ஆனால் தவறின் தன்மையையும் கனத்தையும் பார்த்தே அபராதம் தீர்மானிக்கப்படும் என்பதைச் சட்டமே சொல்கிறது.

எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி மொழி. அறிவிப்பையும் சம்மதக் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது. இன்று பேனர்களில் காணும் ஆங்கிலம், ஆங்கிலம் படித்தவருக்கே புரியாது. வில்லியனூர்க் கடைக்காரர் தன் தளத்தில் இப்படி எழுதலாம்:

‘எங்கள் தளத்தில் எந்தப் பொருளை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க விரும்புகிறோம். இதற்குக் கூகுள் நிறுவனத்தின் கருவி உங்கள் பிரவுசரில் ஓர் எண்ணை எழுதி வைக்கும். நீங்கள் பார்க்கும் பக்கங்களின் விவரம் அந்த நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் மறுத்தாலும் எல்லாப் பொருளையும் பார்க்கலாம், வாங்கலாம். பிறகு மனம் மாறினால், பக்கத்தின் அடியில் உள்ள ‘குக்கி விருப்பம்’ என்பதைத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம்.’

அதன் கீழே இரண்டு பொத்தான்கள்: ‘சம்மதம்’, ‘வேண்டாம்’. ஒரே அளவு, ஒரே நிறம், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றைப் பச்சையாகவும் மற்றதை மங்கலான சாம்பலாகவும் போடக் கூடாது. விளம்பர டேக்கும் இருந்தால் அதற்குத் தனி வாக்கியம், தனித் தேர்வு.

இப்படிக் கேட்டால் பலர் ‘வேண்டாம்’ என்றே அழுத்துவார்கள். அனலிட்டிக்ஸில் எண்ணிக்கை குறைந்து தெரியும். விளம்பர ஏஜென்சி முகம் சுளிக்கும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, கூரியரில் அனுப்பும் ஒரு தொழிலுக்கு அந்த எண்ணிக்கையால் என்ன ஆகப்போகிறது? எந்த விளக்கு விற்கிறது என்பது ஆர்டர் நோட்டிலேயே தெரியும். பல சிறு தளங்களுக்கு விளம்பர டேக் தேவையே இல்லை. எடுத்துவிட்டால் அதற்காகச் சம்மதம் கேட்கும் வேலையும் இல்லை. பக்கமும் வேகமாகத் திறக்கும். திருக்கனூர்ப் பக்கம் டவர் கிடைக்காமல் தவிக்கும் கைபேசியில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வெப்சைட் செய்து தருபவரிடம் விலை பேசும்போதே இதையும் பேசிக்கொள்ளுங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் நாளில் அவரை உங்கள் முன்னால் உட்காரவைத்து, இன்காக்னிட்டோ ஜன்னலில் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்தச் சொல்லுங்கள். பேனரைத் தொடுவதற்கு முன், நெட்வொர்க் பட்டியலில் ஓடும் ஒவ்வொரு முகவரியும் யாருடையது, எதற்காக என்று அவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத முகவரி எதுவானாலும் அதை எடுக்கச் சொல்லிவிட்டுப் பிறகு பணத்தைக் கொடுங்கள்.